அளந்து பார்த்த கதை – 14: ஊசி எட்டாத ரத்தம்

சென்ற இதழில் விரல் நுனியோடு நின்றோம். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் விரலுக்குள் செலுத்தி 97, 98 என்று எண் காட்டுவது எப்படி என்று பார்த்தோம். அதைப் படித்துவிட்டு நாகல்கேணி வாசகர் ஒருவர் இரண்டே வரி எழுதியிருக்கிறார்: "விரலில் காட்டுவது சரி. கண்ணுக்குள்ளே ஓடுகிற ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று யாராவது அளந்திருக்கிறார்களா?"

அளந்திருக்கிறார்கள். ஊசி போடாமல், படம் பிடித்தே அளந்திருக்கிறார்கள். ஆனால் அளந்தது சரிதான் என்று நிரூபிக்க அறுபது வருடங்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஐஸ்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கா, பெங்களூரு என்று சுற்றி வரும் கதை இது. என்றாலும் இதை ஆரம்பிக்க நம் பம்மலை விட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

பம்மலிலிருந்து குரோம்பேட்டைக்கு வந்து, ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே திரும்பினால் சற்று நேரத்தில் தாம்பரம் சானடோரியம் வந்துவிடும். ரயில் நிலையத்துக்கே பெயராகிப்போன அந்த மருத்துவமனையை 1928இல் தொடங்கியவர் டாக்டர் சௌரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் நோயில் விழுந்தபோது சில காலம் அங்கே இவருடைய பராமரிப்பில்தான் இருந்தார். 1914இல் ராமானுஜன் ஏறிப் போன அதே கப்பலில் சௌரிமுத்துவும் பயணம் செய்திருந்தார் என்பது கூடுதல் செய்தி. பச்சைமலை அடிவாரத்தில் நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்துள்ள சாப்பாடு. காசநோய்க்கு அன்று இருந்த வைத்தியம் பெரும்பாலும் அவ்வளவுதான். 1937இல் அரசாங்கம் மருத்துவமனையை ஏற்றுக்கொண்டது. கொரோனா காலத்தில் மூச்சுத்திணறலோடு போனவர்களுக்கும் அதே வளாகம்தான் கதவைத் திறந்தது.

அந்தக் காலத்தில் நுரையீரல் கெட்டுப்போன நோயாளியின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வழி இல்லாமலில்லை. தமனியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, காற்றுப்படாமல் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், வான் ஸ்லைக் என்பவர் வடிவமைத்த கண்ணாடிக் கருவியில் வைத்து, வெற்றிடத்தில் வாயுவைப் பிரித்து அளக்க வேண்டும். பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டிய வேலை. வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் அதைச் செய்ய முடியாது. ஆகவே மருத்துவர்கள் தங்கள் கண்ணை நம்பினார்கள். கீழுதட்டைப் பிதுக்கிப் பார்ப்பது, நாக்கை நீட்டச் சொல்வது, நகத்தை அழுத்திவிட்டு நிறம் திரும்புவதைக் கவனிப்பது. நீலம் பாய்ந்திருந்தால் ஆக்ஸிஜன் குறைவு. நம் ஊர்த் தோல் நிறத்தில் கன்னத்திலும் நெற்றியிலும் அந்த நீலம் தெரியாது என்பதால்தான் நாக்கும் நகமும்.

இந்தக் கண்பார்வை அளவு எவ்வளவு நம்பகமானது? அதை முறையாகச் சோதித்த ஆய்வு ஒன்று 1947இல் வந்தது. அந்த வருடம் அமெரிக்காவில் ஜூலியஸ் காம்ரோ, ஸ்டெல்லா போட்டெல்ஹோ இருவரும் அதைச் செய்தார்கள். தன்னார்வலர்களின் ரத்த ஆக்ஸிஜனைப் படிப்படியாகக் குறைத்து, 127 பார்வையாளர்களை நிற்க வைத்து, "நீலம் தெரிகிறதா, சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆக்ஸிஜன் செறிவு 80 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை உறுதியாக ஒன்றும் தெரியவில்லை. கால்வாசிப் பேருக்கு 71–75க்கு இறங்கியும் தெரியவில்லை. இன்று 90க்குக் கீழே போனாலே ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறோம்.

இந்தத் தொடரில் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் அந்த ஆய்வில் முழுதாக இருக்கிறது. ஓர் அளவீட்டைச் சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சோதனைக்கு உள்ளாகிறவர், அதாவது மருத்துவரின் கண். இன்னொருவர் சாட்சி, அதாவது அதைவிட நம்பகமான வேறொரு கருவி. சாட்சி இல்லாத சரிபார்ப்பு வெறும் சத்தியம் செய்வதுதான்.

காம்ரோவுக்குச் சாட்சியாக நின்றது காதில் மாட்டும் ஆக்ஸிமீட்டர். அதை 1940களின் தொடக்கத்தில் போர் விமானிகளுக்காக உருவாக்கியவர் கிளென் மில்லிகன். ஆகாயத்தில் உயரே போகப் போக விமானி தனக்கே தெரியாமல் மயங்கிவிடுவார். அதை முன்கூட்டி அறியத்தான் கருவி. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ராபர்ட் மில்லிகனின் மகன் இவர். அப்பாவின் ஆராய்ச்சிக் குழு 1936இல் நம் மதராஸுக்கே வந்து காஸ்மிக் கதிர்களை அளக்க பலூன் விட்டது. அப்பா ஆகாயத்துக்கு பலூனை அனுப்பினார், மகன் ஆகாயத்துக்குப் போகிறவனின் காதைப் பிடித்தார். 1947இல் மலையேற்ற விபத்தில் மகன் இறந்துபோனார்.

பிறகு நடந்ததைச் சென்ற இதழில் சொல்லியாகிவிட்டது: 1974இல் ஜப்பானில் நிஹோன் கோடன் நிறுவனத்தின் தக்குவோ அவோயாகி நாடித்துடிப்பைப் பிடித்து ஒளியைக் கணக்குப் பண்ணினார், 1980களில் அமெரிக்க ஆபரேஷன் தியேட்டர்களில் அது குடியேறியது. இங்கே நமக்குத் தேவையானது அதைச் சரிபார்த்த முறை மட்டும். ஆரோக்கியமான தன்னார்வலர்களைப் படுக்க வைத்து, மணிக்கட்டுத் தமனியில் குழாய் போட்டு, அவர்கள் சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, செறிவை 70 சதவீதம் வரை இறக்குவார்கள். ஒவ்வொரு படியிலும் ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடக் கருவியில் அளந்து, அதே நொடியில் விரல் கருவி காட்டியதோடு ஒப்பிடுவார்கள். சான்பிரான்சிஸ்கோவில் ஜான் செவரிங்ஹாஸ் வளர்த்த ஆய்வுக்கூடம் இதற்குப் பெயர் போனது. இங்கே சாட்சி கையிலேயே இருக்கிறது. ஊசி குத்தினால் சாட்சி சொல்ல வந்துவிடும்.

கண்ணுக்குள் அது நடக்காது.

*

பம்மலில் சங்கரா கண் மருத்துவமனை இருப்பதால், விழித்திரைப் படம் எடுப்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்காரச் சொல்வார்கள். பாப்பா விரிய நேரமாகும். பக்கத்தில் இருக்கும் செய்தித்தாள் எழுத்தெல்லாம் கலங்கிவிடும். துணைக்கு ஆள் இல்லாமல் பஸ் ஏறுவது கஷ்டம். பிறகு இருட்டறை. தாங்கியில் தாடை, பட்டையில் நெற்றி, "உள்ளே விளக்கு தெரியுதா? அதையே பாருங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க" என்ற குரல், பளிச்சென்று ஒரு வெளிச்சம். திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம் வரும். அதன் ஒரு ஓரத்தில் வெளிறிய மஞ்சள் புள்ளி, பார்வை நரம்பின் வாய். அங்கிருந்து கிளை விரித்துப் போகும் ரத்தக் குழாய்கள்.

தோலை அறுக்காமல், உயிரோடு ஓடும் ரத்தக் குழாயை நேருக்கு நேர் பார்க்க மனித உடம்பில் இப்படி வேறு இடம் கிடைப்பது அரிது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை வெளியிட்டதிலிருந்து மருத்துவர்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். படத்தை உற்றுப் பார்த்தால் குழாய்கள் இரண்டு நிறமாக இருப்பது தெரியும். தமனி கொஞ்சம் வெளிர் சிவப்பு, சிரை கொஞ்சம் கருஞ்சிவப்பு. ஆக்ஸிஜனைச் சுமந்த ஹீமோகுளோபினும் சுமையை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினும் ஒளியை வெவ்வேறு விதமாக விழுங்குவதால் வரும் வித்தியாசம் அது. இந்த நிறமாற்றத்தைச் சோதனைக் குழாயில் 1864இலேயே காட்டியவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். நிறம் தெரிகிறது என்றால், நிறத்தை அளந்து ஆக்ஸிஜனைச் சொல்லிவிடலாமே?

அந்தத் துணிச்சலோடு முதலில் இறங்கியவர் ஜான் ஹிக்கம். 1963இல் அவரும் சகாக்களும் இரண்டு வெவ்வேறு நிற ஒளியில் விழித்திரையை ஃபிலிமில் படம் பிடித்து, ஃபிலிமின் கருமையை அளந்து, சிரை ரத்தத்தின் ஆக்ஸிஜன் செறிவைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். ஃபிலிம் கழுவும் கரைசல் கொஞ்சம் மாறினாலும் கருமை மாறும் காலம் அது. 1988இல் பாஸ்டனில் ஃபிரான்சுவா டெலோரி மூன்று அலைநீளங்களை வைத்து இன்னும் நுட்பமாகச் செய்தார். டிஜிட்டல் கேமரா வந்த பிறகு ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஐனர் ஸ்டெஃபான்சன், ஸ்வைன் ஹர்தர்சன் ஆகியோர் தானியங்கி முறையை உருவாக்கி 2006இல் வெளியிட்டார்கள். ஆக்ஸிமேப் என்ற பெயரில் அது கருவியாகி, உலகத்தின் பல கண் ஆராய்ச்சிக் கூடங்களுக்குப் போனது.

அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது. வழக்கமான விழித்திரைக் கேமராவின் மேல் இரட்டைக் கேமரா உட்காரும். ஒரே வெளிச்சத்தில் ஒரே கணத்தில் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள்: ஒன்று 570 நானோமீட்டரில், மற்றது 600இல். 570இல் ஆக்ஸிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரத்தம் ஒரே அளவு ஒளியை விழுங்கும்; தமனி, சிரை இரண்டுமே நன்றாகக் கறுத்துத் தெரியும். 600இல் கதை மாறும். ஆக்ஸிஜன் நிறைந்த தமனி வெளிறிப்போய், பின்புலத்தோடு கிட்டத்தட்டக் கலந்துவிடும். சிரை மட்டும் கறுப்பாக நிற்கும். மென்பொருள் ஒவ்வொரு குழாயின் மேலும் போய், குழாய்க்குள் வெளிச்சம் எவ்வளவு, குழாய்க்குச் சற்று வெளியே எவ்வளவு என்று எடுத்து, குழாயின் ஒளியடர்த்தியைக் கணக்கிடும். 600இன் அடர்த்தியை 570இன் அடர்த்தியால் வகுக்கும். அந்த விகிதம் ஏறினால் ஆக்ஸிஜன் இறங்குகிறது என்று அர்த்தம். தமனியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு அளவு. சிரை அதைவிடக் கொஞ்சம் தடிமன்.

இதுவரை எல்லாம் இயற்பியல், யாரும் குறை சொல்ல முடியாது. விகிதத்தைச் சதவீதமாக மாற்றும் அடுத்த படிக்கு இரண்டு மாறிலிகள் தேவை. விகிதம் இவ்வளவு என்றால் ஆக்ஸிஜன் இவ்வளவு என்று சொல்லும் நேர்கோட்டின் சாய்வும் தொடக்கமும். அவற்றை எங்கிருந்து எடுப்பது? விரலுக்கென்றால் மணிக்கட்டில் ஊசி குத்தி எடுத்திருக்கலாம். உயிரோடிருக்கும் மனிதரின் விழித்திரைத் தமனியில், ஒரு தலைமுடியைவிடக் கொஞ்சம் பெரிய குழாயில், அளவு சரிபார்ப்பதற்காக ஊசி விட்டு ரத்தம் எடுக்க எந்த மருத்துவரும் சம்மதிக்கமாட்டார், எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது.

ஆக, ஐஸ்லாந்துக்காரர்கள் ஜெர்மனியின் யெனா நகரத்தைப் பார்த்தார்கள். அங்கே டீட்ரிக் ஷ்வைட்சர் குழு நிறமாலைக் கருவியை வைத்து, பல அலைநீளங்களில் ஆரோக்கியமான கண்களை அளந்து 1999இல் சராசரி வெளியிட்டிருந்தது: தமனியில் 92.2 சதவீதம், சிரையில் 57.9. அந்த இரண்டு எண்களும் வரும்படி மாறிலிகளைத் திருத்தி வைத்தார்கள்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1949இல் தொடங்கிய முதல் பாடப்பிரிவுகளில் கருவித் தொழில்நுட்பமும் ஒன்று. அங்கே படித்த யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்: ஒரு கருவியை அதைவிடத் துல்லியமான தரத்தோடு ஒப்பிட்டுத்தான் அளவுதிருத்தம் செய்ய வேண்டும். இங்கே நடந்தது, ரத்தத்தைத் தொடாத ஒரு கருவியை, ரத்தத்தைத் தொடாத இன்னொரு கருவியின் சராசரிக்கு ஒத்துப்போகச் செய்தது. வேறு வழியில்லை என்பது உண்மை. அதற்காக அதைச் சரிபார்ப்பு என்று சொல்லிவிட முடியாது.

2012இல் ஐஸ்லாந்தில் 120 ஆரோக்கியமானவர்களை அளந்து ஓர் ஆய்வு வந்தது. தமனியில் சராசரி 92.2, சிரையில் 55.6. முதல் எண்ணைப் பாருங்கள், கருவிக்குள் வைத்து அனுப்பிய அதே எண். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சில தனிநபர்களின் தமனிகளில் கருவி நூறு சதவீதத்துக்கு மேலேயும் காட்டுகிறது. நூற்றுக்கு மேல் செறிவு என்பது உலகத்தில் கிடையாது. ஆராய்ச்சியாளர்கள் அந்த எண்களை மறைக்காமல், வெட்டாமல் அப்படியே வெளியிடுகிறார்கள் என்பதைப் பாராட்ட வேண்டும். வெட்டினால் சராசரி பொய்யாகிவிடும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. ஆரோக்கியமானவரின் மணிக்கட்டில் 97, 98 இருக்கும்போது விழித்திரையில் 92 எப்படி வந்தது? பார்வை நரம்புக்குள் தமனியும் சிரையும் உரசிக்கொண்டு போவதால் வழியிலேயே கொஞ்சம் ஆக்ஸிஜன் இடம் மாறிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். அளவுதிருத்தமே கொஞ்சம் தாழ்ந்து கிடக்கிறது என்பது இன்னொரு விளக்கம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். சாட்சி இல்லாத வழக்கில் இப்படித்தான் இழுக்கும்.

*

நேர்ச் சாட்சி கிடைக்காதபோது சுற்றுவழிச் சாட்சிகளைத் தேட வேண்டும். இந்தத் துறையின் புத்திசாலித்தனமெல்லாம் அங்கேதான் செலவாகியிருக்கிறது.

தலைமுடி மாதிரி மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் ஆக்ஸிஜன் அளவு தெரிந்த ரத்தத்தை நிரப்பி, பின்னால் வெள்ளைப் பரப்பு வைத்து, செயற்கைக் கண் செய்து படம் எடுத்தார்கள். பன்றிகளின் கண்ணை அளந்தார்கள். அங்கே உடம்பின் வேறு தமனியிலிருந்து ரத்தம் எடுத்து ஒப்பிட முடிந்தது. இரண்டும் உதவின. ஆனால் கண்ணாடிக் குழாய்க்குப் பின்னால் விழித்திரையின் அடுக்குகள் இல்லை, பன்றி மனிதனும் இல்லை.

அதைவிட நல்ல வழி நோயாளிகளிடமிருந்து வந்தது. பிறவி இதயக்கோளாறால் சுத்த ரத்தமும் அசுத்த ரத்தமும் கலந்துபோகும் ஐசன்மெங்கர் நோயாளிகளின் உடம்பு முழுக்கவே ஆக்ஸிஜன் குறைவு. டென்மார்க்கில் அவர்களின் விழித்திரையைப் படமெடுத்து 2011இல் வெளியிட்டார்கள். விழித்திரைத் தமனியிலும் செறிவு இறங்கித்தான் இருந்தது. ஐஸ்லாந்தில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளை அளந்தார்கள். மணிக்கட்டு ரத்தம், விரல் கருவி, விழித்திரைப் படம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கூடுதல் ஆக்ஸிஜன் கொடுத்தபோதும் எடுத்தபோதும் எண்கள் எப்படி நகர்கின்றன என்று கவனித்தார்கள். சானடோரியம் வார்டில் மருத்துவர் உதட்டைப் பிதுக்கிப் பார்த்தாரே, அதே வகை நோயாளிதான் இங்கே கண்ணின் படத்துக்குச் சாட்சி சொன்னார்.

என் பார்வையில் எல்லாவற்றையும்விட உறுதியான சாட்சி, ஒரே ஆளின் இரண்டு கண்கள். விழித்திரையின் மையச் சிரை அடைத்துப்போன நோயாளிகளை ஹர்தர்சனும் ஸ்டெஃபான்சனும் அளந்தார்கள். 2010இல் வெளியிட்ட முடிவு: அடைத்த கண்ணின் சிரைகளில் சராசரி 49 சதவீதம், அடைக்காத கண்ணில் 65. அதே மனிதர், அதே இதயம், அதே நுரையீரல், அதே கேமரா. மாறிலிகள் தப்பாகவே இருந்தாலும் இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவு தப்பாகத்தானே இருக்கும்? வித்தியாசம் நிஜம்.

இங்கே ஒரு நுட்பத்தைத் தவறவிடக் கூடாது. அண்ணாச்சி கடைத் தராசு எடை எதுவானாலும் ஒவ்வொரு தடவையும் ஐம்பது கிராம் குறைத்துக் காட்டினால், அது தப்பான தராசு. ஆனால் நேற்றைய வெங்காயத்துக்கும் இன்றைய வெங்காயத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அது சரியாகவே சொல்லும். விழித்திரை ஆக்ஸிமீட்டர் பற்றி இதுவரை நிரூபணமானது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைத் திறமைதான். அதுகூடச் சும்மா வருவதில்லை. நோயாளி பார்க்கும் திசை மாறினால், படத்தின் கூர்மை குறைந்தால், குழாய் படத்தின் ஓரத்துக்குப் போனால் எண் மாறும் என்று 2012இல் ஐஸ்லாந்துக் குழுவே எழுதி, படம் எடுக்கும் முறையை ஒழுங்குபடுத்தச் சொன்னது. மெல்லிய குழாய்க்கும் தடித்த குழாய்க்கும் தனித்தனித் திருத்தம் வேறு.

சாட்சி கிடைத்தாலும் ஒப்பிடும் முறையில் ஏமாறலாம். இரண்டு கருவிகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க நெடுங்காலமாக எல்லோரும் செய்துகொண்டிருந்தது, இரண்டுக்கும் உள்ள தொடர்புக் கெழுவைக் கணக்கிட்டு "0.9க்கு மேல், பிரமாதம்" என்று எழுதுவது. 1986இல் மார்ட்டின் பிளாண்டும் டக்ளஸ் ஆல்ட்மனும் லான்செட் இதழில் அந்த வழக்கத்துக்கு வேட்டு வைத்தார்கள். மூச்சு ஊதும் வேகத்தை அளக்கும் இரண்டு கருவிகளை எடுத்துக்கொண்டு, தொடர்பு அமோகமாக இருந்தும் ஒரே ஆளுக்கு இரண்டும் எவ்வளவு விலகிக் காட்டுகின்றன என்று படம் போட்டார்கள். இரண்டின் சராசரியை ஒரு அச்சில், வித்தியாசத்தை இன்னொரு அச்சில் வைத்த எளிய படம். மருத்துவ உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அது ஒன்று. புதிய கருவி ஒன்றை விற்க வருபவர் தொடர்புக் கெழுவை மட்டும் காட்டினால், அந்த வித்தியாசப் படத்தைக் கேளுங்கள்.

*

இனி நம் ஊருக்கு வருவோம், ஏனென்றால் சாட்சி யார் என்பதைப் போலவே, யாருடைய கண்ணில் சோதித்தார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

விழித்திரைக்குப் பின்னால் நிறமிப் படலம் இருக்கிறது. ஐஸ்லாந்துக்காரரின் படலம் வெளிறியது, நம்முடையது கறுத்தது. கருவி குழாயின் வெளிச்சத்தைப் பக்கத்திலுள்ள பின்புலத்தோடு ஒப்பிட்டுத்தானே அடர்த்தியைக் கணக்கிடுகிறது? பின்புலம் கறுத்தால் கணக்கும் நகரும். இது யாருக்கும் தெரியாத விஷயமில்லை. ஜேம்ஸ் பீச்சும் சகாக்களும் 1999இலேயே இரட்டை அலைநீள முறையில் நிறமியின் தாக்கத்தை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். ஆனால் தாக்கம் உண்டு என்று தெரிவது ஒன்று, இந்தியக் கண்ணில் இயல்பான எண் எது என்று அளந்து வைப்பது வேறு.

அதைச் செய்தது பெங்களூரின் நாராயண நேத்ராலயா. ஏறக்குறைய நூறு ஆரோக்கியமான இந்தியர்களை அதே ஆக்ஸிமேப் கருவியில் அளந்து, 2015இல் பிளாஸ் ஒன் இதழில் வெளியிட்டார்கள். தமனியில் சராசரி சுமார் 90, சிரையில் சுமார் 57. ஐஸ்லாந்து எண்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஆளுக்கு ஆள் உள்ள பரவல் அதிகம். அந்தப் பரவலில் எவ்வளவு நிஜமான ரத்த வித்தியாசம், எவ்வளவு நிறமியின் விளையாட்டு என்று படத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. இதற்கு முந்தின வருடம் சிங்கப்பூரிலும் ஆரோக்கியமான ஆசியக் கண்களில் இந்த அளவீட்டின் நம்பகத்தன்மையைச் சோதித்து எழுதியிருந்தார்கள். ஆக, நம் நிறத்துக்கான கணக்கு கருவி பிறந்து வெகுகாலம் கழித்துத்தான் ஆரம்பமாகியிருக்கிறது.

இது கண்ணோடு நிற்கும் விவகாரமில்லை. விரல் கருவி கறுத்த தோலில் குறைந்த ஆக்ஸிஜனை மிகையாகக் காட்டுகிறது என்று செவரிங்ஹாஸ் உள்ளிட்ட குழு 2005இலேயே எழுதியது. உலகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2020 டிசம்பரில் மிச்சிகனிலிருந்து வந்த ஆய்வு, விரல் கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளை எடுத்து, அவர்களின் தமனி ரத்தத்தைப் பார்த்தது. உண்மையில் 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். அப்போது பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர் என்று வீட்டுக்கு வீடு அந்தச் சின்னக் கருவி இருந்தது. 94 என்ற எண்ணை வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுத்தோம். 2021 ஜூலையில் மத்திய அரசு ஆக்ஸிமீட்டர் விற்பனையில் லாப வரம்பை 70 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தியது; நல்ல காரியம், விலை இறங்கியது. எத்தனை பேர் மேல், எந்தத் தோல் நிறத்தின் மேல் சோதித்தது என்று பெட்டியில் அச்சடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருந்தால் அதைவிட நல்ல காரியமாக இருந்திருக்கும்.

*

கண்ணின் ஆக்ஸிஜன் எதற்குப் பயன்படும் என்று கேட்டால், பதில் சர்க்கரை நோயில் இருக்கிறது. சென்னையில் சங்கர நேத்ராலயா நடத்திய பெரிய ஆய்வில் சர்க்கரை நோயாளிகளில் 18 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. சர்க்கரையால் விழித்திரை ஆக்ஸிஜன் இல்லாமல் தவிக்கிறது என்பது பாடப்புத்தகம். அப்படியானால் சிரையில் செறிவு இறங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் படம் எடுத்தார்கள். யெனாவிலும் சரி, ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கிலும் சரி, ஏறியிருந்தது! நோய் முற்ற முற்றச் சிரை ரத்தத்தில் ஆக்ஸிஜன் கூடுதல்.

ஒரு கருவி எதிர்பார்த்ததற்கு நேர்மாறாகக் காட்டினால் முதலில் கருவியைத்தான் சந்தேகிக்க வேண்டும், சந்தேகித்தார்கள். இரண்டு நாட்டில், இரண்டு வேறு கருவிகளில், ஒரே திசையில் முடிவு வந்ததால்தான் நம்பத் தொடங்கினார்கள். விளக்கம் இப்படிப் போகிறது: நுண்குழாய்கள் அடைபட்டுவிடுவதால் ரத்தம் திசுவுக்குள் போகாமல் குறுக்கு வழியில் தமனியிலிருந்து சிரைக்கே தாவிவிடுகிறது, தடித்துப்போன குழாய்ச் சுவர் ஆக்ஸிஜனை வெளியே விடுவதில்லை. திசு பட்டினி கிடக்க, ஆக்ஸிஜன் வந்த வழியே திரும்பிப் போகிறது. தண்ணீர் லாரி தெருவுக்குள் நுழையாமல் மெயின் ரோட்டோடு திரும்பிவிட்டால் தெருமுனையில் நிற்பவருக்கு லாரி நிறைந்தே தெரியும் என்று சொல்லலாம்தான். தராசு ஒன்று போதும், விட்டுவிடுகிறேன்.

போன் கேமராவால் ஆக்ஸிஜன் அளப்பதாகச் சொல்லும் செயலிகளைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகமும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகமும் சேர்ந்து 2022இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. தன்னார்வலர்களின் செறிவை 70 வரை இறக்கி, போன் கேமராவில் விரலை வைக்கச் சொல்லிச் சோதித்தது. முறை சரியான முறை. சோதித்தது ஆறே பேரிடம். குறைந்த ஆக்ஸிஜனை ஐந்துக்கு நான்கு தடவை கண்டுபிடித்தது. ஐந்தாவது தடவை உங்கள் வீட்டுப் பெரியவருக்கு வரக்கூடும் என்பதால் அந்தச் செயலிகளை நம்பி வீட்டில் உட்கார வேண்டாம்.

ஆக, நாகல்கேணி வாசகருக்கு என் பதில்: விழித்திரை ஆக்ஸிமீட்டர் நம்பத்தகுந்த ஒப்பீட்டுக் கருவி, தனி ஒருவரின் எண்ணை வைத்து வைத்தியம் பார்க்கும் அளவுக்கு அது இன்னும் நிரூபணமாகவில்லை. ஆராய்ச்சிக் கூடத்தில் அதற்கு வேலை இருக்கிறது, உங்கள் வழக்கமான செக்கப்பில் இல்லை. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ சர்க்கரை இருந்தால் வருடத்துக்கு ஒரு தடவை கண்ணில் சொட்டு விட்டு, சாதாரண விழித்திரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று தள்ளிப் போடாதீர்கள். மங்கத் தொடங்குவதற்கு முன்பே பாதிப்பு படத்தில் தெரியும்.

அடுத்த இதழில் காந்தத்தை வைத்து ரத்தத்தின் ஆக்ஸிஜனைப் பார்த்தவர்கள். லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியலும் 1936இல் செய்த ஒரு பரிசோதனையிலிருந்து எம்.ஆர்.ஐ. அறை வரைக்கும்.

(தொடரும்)